மருந்தும் தாமதம், கவனிப்பும் இல்லை: முதியோர் பராமரிப்பு இல்லத்தில் உள்ளவரின் குடும்பத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

அத்தைக்குப் பார்கின்சன் நோய். அவர் இருந்த இல்லத்தில் மதியம் 12 மணி மாத்திரை பல நாட்கள் ஒன்றே காலுக்குத்தான் வரும். கேட்டால், "ஒரு மணி நேரம்தானே, கொடுத்துவிட்டோமே" என்பார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் அத்தையால் கரண்டியைப் பிடிக்க முடியாது. கழிவறைக்கு எழுந்து போக முடியாது. சாப்பாடு ஆறிப்போய்த் திரும்பும், உடுப்பு நனையும், குறிப்பேட்டில் "உணவை மறுத்தார், ஒத்துழைக்கவில்லை" என்று ஏறும். நானோ மருந்துக்கு ஒரு சண்டை, நனைந்த உடுப்புக்கு ஒரு சண்டை என்று தனித்தனியாகப் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே பிரச்சினை என்று புரிய ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதம் உங்களுக்கு வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

'நர்சிங் ஹோம்' என்றதும் நம்மில் பலருக்குச் சிறிய தனியார் மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். நான் பேசுவது அதைப் பற்றியல்ல. வயதானவர்களும் மறதி நோய் உள்ளவர்களும் நாள்பட்ட நோயாளிகளும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தங்கும் பராமரிப்பு இல்லங்களைப் பற்றி.

1. இல்லம் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள்

ஒரு நர்ஸ், ஒரு மருந்து வண்டி, 30 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 4 நிமிடம் என்றாலும் ஒரு சுற்று முடிய 2 மணி நேரம். எட்டு மணிக்குத் தொடங்கிய வண்டி கடைசி அறைக்கு வரும்போது மணி பத்து. நடுவில் யாராவது கீழே விழுந்தால், மருத்துவர் தொலைபேசியில் வந்தால், இன்னும் தள்ளிப்போகும். யாரும் சோம்பேறியாக இல்லாமலே இந்தத் தாமதம் நடக்கும். அதனால் போனவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "வண்டி எந்த அறையில் தொடங்குகிறது, எங்கள் அறை எத்தனையாவது?" அத்தையின் அறை 27-ஆவது. பாதிப் பிரச்சினை அங்கேயே தெரிந்துவிட்டது.

மருந்துக்கடை பெரும்பாலும் இல்லத்துக்கு வெளியே இருக்கும். புதிதாக எழுதிய மருந்து வந்து சேரவேண்டும். தீரப்போகிற மருந்தை யாராவது முன்கூட்டியே கேட்டு வாங்கவேண்டும். வார இறுதியிலும் விடுமுறை நாளிலும் இந்தச் சங்கிலி அறுந்துபோகும். மருத்துவமனையிலிருந்து வெள்ளிக்கிழமை மாலை திரும்புகிறவருக்கு ஆபத்து அதிகம். மருத்துவமனையில் புதிதாக எழுதியது, நிறுத்தச் சொன்னது, ஏற்கெனவே இல்லத்தில் இருந்தது என மூன்று பட்டியல்கள் அப்போது ஒன்றோடொன்று மோதும். அந்த முதல் இரண்டு நாட்களில் முடிந்தால் நேரில் இருங்கள்.

இனி உடல் பராமரிப்பு. காலையில் எல்லோரையும் எழுப்பி, கழுவி, உடுத்தி, உணவு மேசைக்குக் கொண்டுவர இரண்டு மூன்று உதவியாளர்கள்தான் இருப்பார்கள். ஆள் குறைந்தால் எது முதலில் விடுபடும்? அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் பியாட்ரிஸ் கலிஷ் 2006-இல் மருத்துவமனைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதற்கு 'விடுபட்ட பராமரிப்பு' என்று பெயர் வைத்தார். நடக்கவைப்பது, படுக்கையில் திருப்பிவிடுவது, நேரத்துக்கு ஊட்டுவது, உடல் சுத்தம், பேச்சுத்துணை எல்லாம் அவர் பட்டியலில் இருந்தன. இல்லங்களிலும் அதேதான். விட்டுவிட்டால் அன்றே யாருக்கும் தெரியாத வேலைகள்தான் முதலில் விடுபடும். வாய் சுத்தம் இன்று விடுபட்டால் இன்று ஒன்றும் ஆகாது. மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வரும்போது அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட ஆள் இருக்காது.

2. மருந்துப் பட்டியலைப் பிரியுங்கள்

எல்லா மருந்துக்கும் நேரத்துக்காகச் சண்டை போட்டால் ஒரு மருந்துக்கும் நேரம் கிடைக்காது. இதை நான் அடித்துச் சொல்வேன். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தால் சும்மா இருங்கள்.

அமெரிக்காவின் பாதுகாப்பான மருந்துப் பயன்பாட்டு நிறுவனம் 2011-இல் மருத்துவமனைகளுக்காக வெளியிட்ட வழிகாட்டுதல் நல்ல அளவுகோல். நேரம் தவறினால் தீங்கு வரக்கூடிய மருந்துகளைக் குறித்த நேரத்துக்கு 30 நிமிடம் முன்பின்னாகக் கொடுக்கவேண்டும். ஒரு நாளில் பலமுறை கொடுக்கும் மற்ற மருந்துகளுக்கு 1 மணி நேரம் முன்பின் போகலாம். நாளுக்கு ஒருமுறை, வாரம் ஒருமுறை என்பவற்றுக்கு 2 மணி நேரம்வரை போகலாம். இது இல்லங்களுக்கான சட்டம் அல்ல. ஆனால் "எது தாமதம்?" என்ற வாதம் வரும்போது கையில் ஓர் எண் இருப்பது உதவும்.

மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்டு, உங்கள் வீட்டுப் பெரியவருடைய மருந்துகளில் நேரம் தவறக் கூடாதவை எவை என்று எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் இவை அதில் இருக்கும்:

பார்கின்சனுக்கான லெவோடோபா. உடம்பில் சில மணி நேரமே நிற்கும். அரை மணி தவறினாலே சிலருக்கு உடல் உறைந்துபோகும். புரதம் நிறைந்த சாப்பாட்டோடு சேர்ந்தால் சரியாக உறிஞ்சப்படாது என்பதால் பலருக்குச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு கொடுக்கச் சொல்வார்கள். திடீரென்று முற்றிலும் நின்றுபோனால் கடும் காய்ச்சல், உடல் விறைப்பு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: குமட்டலுக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு, பதற்றத்தை அடக்கத் தரும் ஹாலோபெரிடால் இரண்டும் பார்கின்சனை மோசமாக்கும். இதைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.

இன்சுலின். வேகமாக வேலைசெய்யும் வகையை ஊசி போட்டுவிட்டு, சாப்பாடு முக்கால் மணி நேரம் கழித்து வந்தால் சர்க்கரை விழும். வியர்வை, நடுக்கம், குழப்பம், மயக்கம். இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அது தாழ்சர்க்கரை. இங்கே மருந்து சரியான நேரத்துக்கு வந்து, சாப்பாடு தாமதமாவதுதான் ஆபத்து. மருந்து வண்டியும் உணவு வண்டியும் ஒன்றையொன்று தெரியாமல் ஓடும் இல்லங்கள் நிறைய.

வலிப்பு மருந்துகள், இரத்தம் உறையாமல் தடுப்பவை, 8 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதிய நுண்ணுயிர்க்கொல்லிகள், 12 மணி நேரம் தாங்கும் மார்ஃபின் மாத்திரை ஆகியவையும் பட்டியலில் சேரும். 72 மணிக்கு ஒருமுறை மாற்றும் ஃபென்டனில் வலி ஒட்டுப்பட்டையில் இரண்டு பக்க ஆபத்து உண்டு: மாற்ற மறந்தால் வலி, பழையதை எடுக்காமல் புதியதை ஒட்டினால் மூச்சு மந்தம்.

சில மருந்துகளுக்கு மணியைவிட முறைதான் முக்கியம். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில், காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு தரவேண்டும். கால்சியமும் இரும்புச்சத்தும் அதிலிருந்து 4 மணி நேரம் தள்ளியிருக்க வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கான அலென்ட்ரோனேட்டை ஒரு குவளை வெறும் தண்ணீரோடு விழுங்கி, 30 நிமிடம் நிமிர்ந்து இருக்கவேண்டும். படுத்திருப்பவருக்கு மற்ற ஏழு மாத்திரைகளோடு சேர்த்து இதையும் ஊட்டினால் பயனும் இல்லை, உணவுக்குழாயும் புண்ணாகும். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளைப் பொடித்துக் கொடுக்கக் கூடாது. நாள் முழுதும் வரவேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். விழுங்கச் சிரமம் என்றால் திரவ வடிவம் உண்டா என்று மருந்தாளுநரைக் கேளுங்கள்.

'தேவைப்பட்டால் கொடுக்கவும்' என்று எழுதிய வலி மருந்துகள் தனிக் கதை. தேவைப்படுகிறது என்று யார் சொல்வது? மறதி நோய் முற்றியவர் மாத்திரை கேட்கமாட்டார். முனகுவார், அடிக்கக் கை ஓங்குவார், சாப்பிடமாட்டார். இப்படிப்பட்டவர்களின் வலியை அளக்க 2003-இல் வந்த 'பெயின்ஏடி' என்ற அளவுகோல் உண்டு. மூச்சு, குரல், முகம், உடல்மொழி, தேற்றினால் அடங்குகிறாரா என்ற ஐந்துக்கும் தலா 2 வரை மதிப்பெண், மொத்தம் 10. "இவருக்கு வலியை எதை வைத்து அளக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பதிலே இல்லையென்றால், தேவைப்பட்டால் கொடுக்கும் மருந்தை நேரப்படி கொடுக்கும் மருந்தாக மாற்றலாமா என்று மருத்துவரிடம் பேசுங்கள்.

3. சேர்ந்த வாரத்திலேயே உடம்பைப் பதிவு செய்யுங்கள்

"வரும்போதே இப்படித்தான் இருந்தார்" என்ற பதிலுக்கு ஒரே மறுமொழி, வந்த நாளின் பதிவு. எடை, தோல் நிலை (முக்கியமாக இடுப்பின் பின்புறம், குதிகால், இடுப்பு எலும்பின் பக்கவாட்டு, முழங்கை, தோள்பட்டை, பின்மண்டை), பற்கள் அல்லது பல்செட், கேள்கருவி, கண்ணாடி, எத்தனை அடி நடக்கிறார், தானே எதைச் செய்கிறார், கழிவறைக்கு எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை போவது வழக்கம், எல்லாவற்றையும் எழுதி, பொறுப்பு நர்ஸிடம் ஒரு பிரதி கொடுங்கள்.

அப்படியே பிரேடன் அளவுகோலில் எத்தனை மதிப்பெண் போட்டிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். படுக்கைப்புண் வரும் வாய்ப்பைக் கணிக்க 1987 முதல் புழங்குவது அது. 6 முதல் 23 வரை போகும். 18 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஆபத்தில் இருக்கிறார் என்று பொருள். எண் குறையக் குறைய ஆபத்து கூடும்.

யாருக்குப் பேச உரிமை இருக்கிறது என்பதையும் இப்போதே முடியுங்கள். பெரியவர் தெளிவாக இருக்கும்போதே, தன் மருத்துவப் பதிவுகளை யார் பார்க்கலாம், யார் முடிவெடுக்கலாம் என்று எழுத்தில் கொடுக்கச் செய்வது நல்லது. இல்லாவிட்டால் நெருக்கடியான நேரத்தில், "உங்களிடம் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை" என்று கதவு சாத்தப்படும். சட்டப்படி அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கும்.

4. எப்போது போவது, எதைப் பார்ப்பது

ஞாயிறு மாலை நான்கு மணிக்கே எப்போதும் போனால், ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மட்டும் எல்லாம் நன்றாக இருக்கும். நேரத்தை மாற்றுங்கள். காலை எழுப்பும் நேரம், மதிய உணவு, ஷிப்ட் மாறும் நேரம், இரவு படுக்கவைக்கும் நேரம் ஆகிய நான்கையும் ஒரு மாதத்தில் ஒருமுறையாவது பார்த்துவிடவேண்டும். உளவு பார்ப்பதுபோல் நினைக்கவேண்டாம். ஒரு கை உதவியும் செய்துகொண்டே பார்க்கலாம்.

மூக்குதான் முதல் கருவி. சிறுநீர் வாடை ஓர் அறையில் ஒருநாள் அடித்தால் அது விபத்து. மூன்று வருகையிலும் அடித்தால் வழக்கம். அப்புறம் கை. தலையணை உறை ஈரமா, நாற்காலியின் இருக்கை ஈரமா, டயப்பர் கனத்துத் தொங்குகிறதா? அழைப்பு மணி அவர் கைக்கு எட்டுகிறதா, அல்லது கட்டிலுக்குப் பின்னால் கிடக்கிறதா? ஒருமுறை நீங்களே அழுத்தி, ஆள் வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். மணி அடித்து யாரும் வராததால் தானே எழுந்து கழிவறைக்குப் போய் விழுகிறவர்கள் ஏராளம். 'கீழே விழுந்தார்' என்று பதிவாகும் பல சம்பவங்கள், உண்மையில் மணிக்கு ஆள் வராத சம்பவங்கள்.

தோல். சிவப்பாகத் தெரியும் இடத்தை விரலால் சில நொடி அழுத்தி எடுங்கள். வெளுத்து மீண்டும் சிவந்தால் பரவாயில்லை. வெளுக்காமலே இருந்தால் அது படுக்கைப்புண்ணின் முதல் நிலை. ஆனால் இந்தச் சோதனை வெளுத்த தோலுக்காகச் செய்தது. மாநிறம், கருநிறத் தோலில் சிவப்பு தெரியாது, வெளுப்பதும் தெரியாது. அங்கே பார்க்கவேண்டியவை வேறு: சுற்றியுள்ள இடத்தைவிடக் கருத்தோ ஊதா சாயலாகவோ இருக்கிறதா, தொட்டால் சூடாகவோ குளிர்ந்தோ இருக்கிறதா, கெட்டியாகவோ சதசதவென்றோ இருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா? முதல் நிலையைத் தவறவிட்டால் அடுத்து நாம் பார்ப்பது திறந்த புண்ணைத்தான். தானாகத் திரும்ப முடியாதவரைப் படுக்கையில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புவது நெடுநாள் வழக்கம். மெத்தையையும் தோல் நிலையையும் பொறுத்து இடைவெளி மாறலாம். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தவரையும் இடம் மாற்றவேண்டும் என்பதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். காலையில் நாற்காலியில் வைத்தவரை மாலைவரை அப்படியே விட்டால் புண் அங்கேயும் வரும்.

வாய். பலர் பார்க்கவே மாட்டார்கள். நான் முதலில் பார்ப்பதே இதைத்தான். நாக்கில் வெள்ளைப் படலம், பல் இடுக்கில் காலை உணவு, காய்ந்து வெடித்த உதடு, இரவிலும் கழற்றாத பல்செட். ஜப்பானில் 11 இல்லங்களில் நடந்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வு, சாப்பாட்டுக்குப் பின் பல்துலக்கிவிட்ட முதியவர்களுக்கு நிமோனியா குறைந்ததைக் காட்டியது. வாயில் பெருகும் கிருமி எச்சிலோடு நுரையீரலுக்குப் போவதுதான் காரணம். பல்துலக்கி ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அத்தையின் பல்துலக்கி ஒரு வாரம் முழுக்கக் காய்ந்தே இருந்தது; பதிவேட்டில் ஒவ்வொரு நாளும் 'வாய் சுத்தம் செய்யப்பட்டது'.

தண்ணீரும் எடையும். வயதானால் தாக உணர்வு மங்கும். ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கத்தின் வழிகாட்டுதல்படி முதிய பெண்கள் நாளுக்குக் குறைந்தது 1.6 லிட்டரும் ஆண்கள் 2 லிட்டரும் பானங்களாகக் குடிக்கவேண்டும். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மருத்துவர் சொல்லும் அளவே அளவு. தண்ணீர்க் குவளை கைக்கு எட்டுகிறதா, மூடியைத் திறக்க அவரால் முடியுமா என்று பாருங்கள். எடை ஒரு மாதத்தில் 5 சதவீதமோ ஆறு மாதத்தில் 10 சதவீதமோ குறைந்தால் அது கவனிக்கவேண்டிய குறைவு. 60 கிலோ இருந்தவர் ஒரு மாதத்தில் 57 ஆனால் வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

நகம், தலைமுடி, தாடி, கேள்கருவி பேட்டரி எல்லாம் கண்ணில் படுபவை. அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒன்று மட்டும்: சர்க்கரை நோய் உள்ளவரின் காலுறையைக் கழற்றி விரல் இடுக்குவரை பாருங்கள்.

எப்போதும் தூங்கிக்கொண்டே இருக்கிறாரா? அதுவும் புறக்கணிப்பின் இன்னொரு முகம். மறதி நோயாளிகளுக்கு மனநோய் மருந்துகள் மரண ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2005-இல் கடும் எச்சரிக்கை வெளியிட்டது. கவனிக்க ஆள் இல்லாத இடத்தில் மாத்திரை ஆளாகிவிடும். புதிதாக எது சேர்ந்தது, எதற்காக, யார் சம்மதம் கொடுத்தார்கள், எப்போது நிறுத்திப் பார்ப்பார்கள் என்று கேளுங்கள்.

5. குறிப்பேடு

ஒரு சாதாரண நோட்டு போதும். ஒவ்வொரு வருகைக்கும் தேதி, நேரம், பார்த்தது, யாரிடம் சொன்னது, அவர் சொன்ன சொற்கள் அப்படியே. "எப்பவுமே லேட்" என்று எழுதாதீர்கள். "செவ்வாய், 12 மணி லெவோடோபா, 1.20-க்கு வந்தது, மதிய உணவு தொடாமல் திரும்பியது, 1.45-க்கு உடுப்பு நனைந்திருந்தது" என்று எழுதுங்கள். மருந்து நேரத்தையும் உடல் நிலையையும் ஒரே வரியில் எழுதுவதுதான் இதில் சூட்சுமம். இரண்டு வாரம் எழுதினால் எது எதை இழுத்துவருகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

புண்ணைப் படமெடுக்கும்போது பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, தேதி தெரிய எடுங்கள். அவருடைய சம்மதத்தோடு, மற்றவர்கள் யாரும் படத்தில் விழாமல். அறையில் கேமரா வைப்பது இடத்துக்கு இடம் சட்டம் மாறும் விஷயம். உடன் தங்குகிறவரின் உரிமையும் இருக்கிறது. விசாரிக்காமல் வைக்காதீர்கள்.

6. மருந்துப் பதிவேட்டைக் கேட்டுப் படியுங்கள்

ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு வேளைக்கும் கொடுத்தவர் சுருக்கொப்பம் இடும் கட்டங்கள் கொண்ட தாளோ கணினிப் பக்கமோ இருக்கும். அதைப் பார்க்கவேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

கட்டம் காலியாக இருந்தால் மருந்து கொடுக்கவில்லை, அல்லது கொடுத்துவிட்டுக் குறிக்கவில்லை. இரண்டுமே தவறுதான். 'மறுத்தார்' என்ற குறி அடிக்கடி வந்தால் மருத்துவருக்குச் சொன்னார்களா என்று கேளுங்கள். 'மருந்து இருப்பில் இல்லை' என்று மூன்று நாள் தொடர்ந்தால் அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

ஒரு விஷயம் எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. காகிதப் பதிவேட்டில் '8 மணி' என்ற கட்டத்துக்குள் சுருக்கொப்பம் மட்டும்தான் விழும். எட்டுக்குக் கொடுத்தாலும் பத்துக்குக் கொடுத்தாலும் தாளில் எட்டுதான். அந்தப் பதிவேட்டில் தாமதம் என்பதே இருக்க முடியாது. உண்மையான நேரம் இருக்கும் ஒரே இடம் உங்கள் நோட்டு. கணினிப் பதிவேடு என்றால் உண்மையில் பதிந்த நேரம் தனியாக இருக்கும். "குறித்த நேரம் அல்ல, கொடுத்த நேரம் தெரியும் பிரதி வேண்டும்" என்று குறிப்பாகக் கேளுங்கள். மாத்திரை அட்டையில் மீதம் எத்தனை என்று நர்ஸோடு சேர்ந்து எண்ணிப் பார்க்கலாம். நீங்களாக எடுத்து எண்ணாதீர்கள்; பிறகு குறைந்தால் பழி உங்கள்மேல் விழும்.

7. பேசும் முறை

அறையில் இருக்கும் உதவியாளரிடம் கத்திப் பயனில்லை. முறை இதுதான்: அன்றைய பிரச்சினை அன்றைய நர்ஸிடம், மூன்று முறை நடந்தால் பொறுப்பு நர்ஸிடம், தீரவில்லையென்றால் செவிலியர் தலைவரிடமும் மேலாளரிடமும், எழுத்தில். நேரில் பேசினாலும் அன்று மாலையே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "இன்று நாம் பேசியபடி..." எழுத்தில் இல்லாத பேச்சு அடுத்த ஷிப்டுக்குப் போய்ச் சேராது.

எழுதும் கடிதம் இப்படி இருக்கலாம்:

"மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, கடந்த 14 நாட்களில் 9 நாட்கள் என் அத்தையின் மதிய லெவோடோபா 40 நிமிடத்துக்கு மேல் தாமதமாக வந்தது. நேர விவரம் இணைப்பில். அந்த 9 நாட்களில் 7 நாட்கள் அவர் மதிய உணவு உண்ணவில்லை. 5 நாட்கள் உடுப்பு நனைந்திருந்தது. எங்கள் கோரிக்கை: (அ) இந்த மருந்தை வண்டிச் சுற்றிலிருந்து பிரித்து, தனி அலாரம் வைத்து 12 மணிக்குத் தரவேண்டும். (ஆ) மருந்துக்குப் பின் 45 நிமிடத்துக்குள் கழிவறைக்கு அழைத்துச் செல்லவேண்டும். (இ) இரண்டையும் பராமரிப்புத் திட்டத்தில் எழுதி, பிரதியை எங்களுக்குத் தரவேண்டும். வரும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் எதிர்பார்க்கிறோம்."

கவனித்தீர்களா, யாரையும் திட்டவில்லை. என்ன செய்யவேண்டும் என்று மட்டும் இருக்கிறது. நான் எழுதிய முதல் கடிதம் நான்கு பக்கக் கோபம். அதற்கு வந்த பதில் இரண்டு வரி வருத்தம். இப்படி ஒரு பக்கத்தில் எழுதிய இரண்டாவதுக்குத்தான் கூட்டம் போட்டார்கள்.

பராமரிப்புத் திட்டக் கூட்டத்துக்கு இன்னொருவரை அழைத்துப் போங்கள். ஒருவர் பேச, ஒருவர் எழுத. அங்கே நிச்சயம் வரும் இரண்டு பதில்களுக்குத் தயாராக இருங்கள். முதலாவது, "ஆள் பற்றாக்குறை". அதற்கு, "புரிகிறது, அப்படியானால் இந்த வேளைக்கு யார் பொறுப்பு என்று ஒரு பதவியின் பெயரைத் திட்டத்தில் எழுதுவோம்" என்று சொல்லுங்கள். இரண்டாவது, "அவர்தான் குளிக்க மறுக்கிறார்". மறுக்க அவருக்கு உரிமை உண்டு, சரி. ஆனால் எத்தனை மணிக்குக் கேட்டார்கள், யார் கேட்டார்கள், மறுபடி எப்போது கேட்டார்கள்? மறதி நோயாளி குளிர்ந்த அறையில் அந்நியர் உடையைக் களைவதைத்தான் பெரும்பாலும் மறுக்கிறார். நேரத்தை மாற்றுவது, பழகிய ஆளை அனுப்புவது, போர்வையால் மூடியபடியே வெதுவெதுப்பான துணியால் துடைத்துவிடுவது என வழிகள் உண்டு. வலி மருந்து கொடுத்து அரை மணி கழித்துக் குளிக்கவைத்தாலே எதிர்ப்பு அடங்கும் ஆட்களும் உண்டு.

8. காத்திருக்கக் கூடாத நேரங்கள்

கூப்பிட்டால் எழாமை, மூச்சுத் திணறல், திடீர்க் குழப்பம், வலிப்பு, ஒரு பக்கம் செயலிழப்பு, தாழ்சர்க்கரையோடு விழுங்க முடியாத நிலை, இரத்தம் உறையாத மருந்து சாப்பிடுகிறவர் விழுந்து தலையில் அடிபடுதல், புண்ணைச் சுற்றிச் சீழும் காய்ச்சலும். இவற்றில் ஒன்று என்றால் புகார், கூட்டம் எல்லாம் அப்புறம். ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்லுங்கள். தயங்கினால் நீங்களே அழையுங்கள். போகும்போது மருந்துப் பதிவேட்டின் பிரதி கூடவே போகவேண்டும்.

ஒரு வேளை விடுபட்டது தெரிந்தால் அடுத்த வேளையில் இரட்டிப்பாகக் கொடுக்க விடாதீர்கள். மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டுத்தான் முடிவு.

9. வெளியே புகார்

உள்ளே எழுதியும் மாறவில்லையென்றால் வெளியே போகலாம். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்திலும் நீண்டகாலப் பராமரிப்புக்கான குறைதீர்ப்பாளர் இருக்கிறார். இங்கிலாந்தில் பராமரிப்புத் தர ஆணையம் இல்லங்களைக் கண்காணிக்கிறது. தனிப்பட்ட புகார் உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்புக் குறைதீர்ப்பாளரிடம் போகும். ஆஸ்திரேலியாவில் 2019 முதல் முதியோர் பராமரிப்புத் தர, பாதுகாப்பு ஆணையம் செயல்படுகிறது. இந்தியாவில் முதியோர் உதவி எண் 14567. எங்கே போனாலும் முதலில் கேட்பது தேதியும் நேரமும்தான். நோட்டு இங்கேயும் உதவும்.

"புகார் கொடுத்தால் அவர்மேல் காட்டுவார்களோ" என்ற பயம் எல்லோருக்கும் வரும். வீண்பயம் என்று சொல்லி அதைத் தள்ளமாட்டேன். புகார் கொடுத்த அடுத்த சில வாரங்கள் அடிக்கடி போங்கள், வெவ்வேறு ஆட்கள் போங்கள். நன்றாகக் கவனிக்கும் உதவியாளரைப் பெயர் சொல்லி மேலாளரிடம் எழுத்தில் பாராட்டுங்கள். அது தந்திரமும் அல்ல, அவர்களுக்குச் சேரவேண்டியது அது.

10. இடம் மாற்றுவது

கடைசி வழி இது. மறதி நோயாளிக்கு இடமாற்றம் பெரிய அதிர்ச்சி. சில வாரம் குழப்பம் கூடும். ஆனால் ஆழமான புண்ணோ, ஆபத்தான மருந்துத் தவறோ திரும்பத் திரும்ப நடந்தால் தயங்கவேண்டாம். புதிய இல்லத்தைப் பார்க்கப் போகும்போது வரவேற்பறையைப் பார்க்காதீர்கள். மதிய உணவு முடிந்த நேரம் மேல்மாடிக்குப் போய், மணிச் சத்தம் எவ்வளவு நேரம் அடிக்கிறது என்று கேளுங்கள். மருந்து வண்டி எந்த அறையில் தொடங்குகிறது என்றும் கேளுங்கள்.

மாற்றும் நாளை வாரத் தொடக்கத்தில், காலையில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளுக்குத் தேவையான மருந்து கையோடு வரட்டும். கிளம்பும் முன், ஒவ்வொரு மருந்தும் கடைசியாக எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்று ஒரே தாளில் எழுதிக் கையொப்பத்தோடு வாங்கி, புதிய இடத்து நர்ஸின் கையில் நீங்களே கொடுங்கள்.